வாசல்காரனின் வால்

என் வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இல்லையென்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டேன். அந்த விண்வெளிப் படங்கள் ஆறில் ஒன்றையாவது பார்க்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. கொடுங்கோல் மன்னனின் கப்பலில், சிம்மாசன அறைக் கதவுக்கு வலது பக்கம், சாம்பல் நிறத்தில், கழுத்தில் மீன் செவுள் மாதிரி மடிப்புகளோடு, தரையில் புரளும் வாலோடு ஒரு பிராணி நிற்குமே, அதற்குள்ளே நின்றவர் இவர்தான். பன்னிரண்டு வருஷம் நின்றார். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் யாரையும் நல்லபடியாகப் பேசப்போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இவருக்கு ஆறடி ஆறங்குலம். எங்கள் குடியிருப்பில் இவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்பார்கள், முகத்துக்கு நேராகவே. மூன்றாவது மாடி வாத்தியார் வீட்டில் பல்பு போனால் ஏணியைக் கூப்பிடு. கீழ்வீட்டு அம்மாவுக்குப் பரண்மேல் இருக்கும் சூட்கேஸ் வேண்டுமென்றால் ஏணியைக் கூப்பிடு. இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஏங்க, உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டால், "பல்பு மாத்தறதுக்கு எதுக்கும்மா ரோஷம்?" என்பார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். எங்கள் வீட்டுக்கு வேண்டிய கோபம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் இவர் ஓர் ஆறு மாடித் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரர்கள் தானாக ஓடும் லிஃப்டை வாங்கிப் போட்டுவிட்டு, போனால் போகிறதென்று இவருக்குக் கோட்டு மாட்டி வாசலில் நிறுத்தினார்கள். எட்டு மணி நேரம் அசையாமல் நிற்பார். ஒருநாள் சினிமாவுக்கு உடுப்புத் தைக்கும் மாஸ்டர் ஒருவர் துணி எடுக்க வந்திருக்கிறார். இவரைத் துணிக்கடைப் பொம்மை என்று நினைத்து, கோட்டின் காலரைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாராம். பொம்மை "கழுத்து கூசுது சார்" என்றதும் அந்த மனுஷன் பதறிப்போய் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார். அன்று சாயங்காலமே இவருக்கு அளவெடுத்துவிட்டார்கள். அப்படி வந்ததுதான் அந்த வேஷம். கதைக் காகிதத்தில் அதற்குப் பேர் 'காவலாள் இரண்டு'. வாசல்காரன் என்று பேர் வைத்தது பின்னால் வந்த ரசிகர்கள்.

அந்த உடுப்பு முழுக்க ரப்பர். தலை மட்டும் பதினோரு கிலோ. அதில் பளபளக்கும் மஞ்சள் கண் இரண்டும் சும்மா ஒப்புக்கு. உள்ளே இருப்பவர் வெளியே பார்ப்பது தொண்டைக்குழியில் வைத்திருக்கும் வலை வழியாகத்தான், அதிலும் காலடியில் இரண்டு முழம் தரை மட்டும்தான் தெரியும். ஆறு படத்திலும் ஹீரோவோடு நடித்திருக்கிறார், அவர் முகத்தை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. காலணியைத் தெரியும். "இன்னிக்கு ஹீரோ பூட்ஸுக்குள்ள எதையோ வச்சிருக்காரு, குதிகால் ஏறியிருக்கு" என்று வந்து சொல்வார். முதுகில் உள்ள ஜிப்பை இன்னொருவர்தான் இழுத்து மூட வேண்டும். மூடிவிட்டால் நாலு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. உள்ளே போடும் பனியன்கள் நான் வேலை செய்யும் சலவைக் கடைக்குத்தான் வரும். மற்ற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், நான்தான் துவைப்பேன்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. காலை ஆறு மணிக்கு உடுப்புக்குள் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே காத்திருக்கும் அடுத்த நெட்டையனை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துவிடுவார்கள். அந்த நெட்டையன் அதற்கப்புறம் வெளியே வரமாட்டான், படம் முடியும்வரை அவன்தான். "ஜனங்க பாக்கறது உடுப்பைத்தான். உள்ள இருக்கறவன் வெறும் பஞ்சு" என்று அசிஸ்டெண்ட் டைரக்டர் இவர் முகத்துக்கு எதிரிலேயே சொல்லியிருக்கிறார். இவர் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மேஜை விரிப்பைக் கருக்கிவிட்டேன்.

ஆனால் இவர் பஞ்சு இல்லை. அந்த வேலையிலும் ஒரு நுணுக்கம் இருந்தது, இவர் தானாகக் கண்டுபிடித்தது. சிம்மாசன அறைக் கதவு பெரிய இரும்புக் கதவு மாதிரி தெரியும். உண்மையில் அது பலகை. இரண்டு பாதியாகப் பிரியும். பின்னால் நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்து மூடுவார்கள். இழுப்பதற்கு முன்னால் அவர்களில் ஒருவர் மற்றவர்களுக்கு அடையாளமாகத் தரையை ஒருதரம் காலால் மிதிப்பார். அந்த அதிர்வு இவர் உள்ளங்காலுக்குத் தெரியும். தெரிந்த உடனே யாருக்கும் தெரியாமல் அரை அடி இடது பக்கம் நகர வேண்டும். நகராவிட்டால் வால் கதவுக்கு நடுவில் போய்விடும். எதிர்ப்பக்கம் நின்ற காவலாளுக்கு எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறது. இவருக்கு ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

மூன்றாவது படத்தின்போது இவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, கட்டிலே சேர்ந்து ஆடியது. காலை நாலரை மணிக்கு எழுந்து சட்டையைப் போடப் பார்த்தார், பட்டனை மாட்ட முடியவில்லை. போகாவிட்டால் இடம் போய்விடும். நாலரை வருஷம் நின்ற இடம். எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது பாருங்கள், அந்த யோசனையைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் என் தம்பிக்கு ஃபோன் போட்டேன். என் பிறந்த வீட்டில் எல்லோருமே உயரம், தம்பி இவரைவிட இரண்டு விரல்தான் குறைச்சல். காலணிக்குள் ஸ்பாஞ்சை வெட்டி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், நோகாமல் நுங்கு தின்கிறவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. அப்போது ஒரு நாற்காலிக் கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் என்ன செய்யணும் அங்க?"

"ஒண்ணும் செய்யவேணாம்டா. நின்னா போதும்."

இவர் போர்வைக்குள்ளிருந்து முனகினார். "அனுப்பாதேம்மா… அப்படியே அனுப்பறதுன்னா அரை அடி இடது பக்கம்னு சொல்லு. தரை அதிரும்… அரை அடி…"

காய்ச்சலில் பினாத்துகிறார் என்று நினைத்தேன். "சும்மா படுங்க" என்று நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு அழுத்திவிட்டு, தம்பியை அனுப்பிவைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான்.

உடுப்பு மாட்டிவிடுகிறவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் சட்டைகளுக்கெல்லாம் நான்தான் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறேன், அதனால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எடுத்த காட்சி, சிறைப்பிடித்த மகாராணியைக் கப்பலுக்கு வெளியே விண்வெளியில் தள்ளிக் கொல்ல இழுத்துக்கொண்டு போகும் காட்சி. மகாராணி வாசலைத் தாண்டுகிறாள். கதவு மூடுகிறது. தம்பி நகரவில்லை, வால் மாட்டிக்கொண்டது. இடுப்பைப் பின்னால் இழுக்க, பதினோரு கிலோ தலை முன்னால் சாய்ந்தது. விழுந்துவிடுவோமோ என்று பயந்து, கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நிமிர்ந்தான். எல்லாம் சேர்ந்து மூன்றே விநாடி.

படம் வந்தது, ஜனம் அழுதது. எல்லோரும் கைவிட்ட மகாராணிக்கு ஒரே ஒரு ஜீவன் தலைவணங்கியது என்றார்கள். எதிரியின் வாசலில் நின்றாலும் அவனுக்கு ஒரு மனசு இருந்தது என்றார்கள். அவனுக்கு ஒரு கிரகம், மகாராணியின் படையில் இறந்துபோன ஒரு மனைவி, என்னென்னவோ எழுதினார்கள். அந்த மூன்று விநாடிக்கு ரசிகர்கள் வைத்த பேர் 'வணக்கம்'. சட்டையில் போட்டு விற்றார்கள். எங்கள் கடைக்கே துவைக்க வந்தது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இவர் காய்ச்சல் தெளிந்து வேலைக்குப் போன அன்றே, வாலில் கிழிசலைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வால் மாட்டியது என்று சொன்னால் வேலை தெரியாதவன் என்ற பேர். ஆள் மாறியது என்று சொன்னால் இடமே போய்விடும். ஆனால் டைரக்டர் விடுவாரா? நாலாவது படத்தில், "அந்த வணக்கத்தை இன்னொரு தடவை போடுங்க" என்றார். இவர் போட்டார். இருபத்திரண்டு டேக். "கடன் கேக்க வந்தவன் கும்பிடற மாதிரி இருக்குய்யா" என்று எல்லோருக்கும் நடுவில் சொன்னாராம். வேண்டுமென்றே வாலை மாட்டவிட்டும் பார்த்திருக்கிறார், இழுக்கப்போகிறது என்று தெரிந்ததால் உடம்பு முன்கூட்டியே விறைத்துக்கொண்டது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தினமும் குனிந்து குனிந்து பார்ப்பார். என் தம்பி தடுக்கிவிழப் பார்த்ததை, இந்த மனுஷன் மூன்று படம் முழுக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தார்.

ஏழு வருஷம் தம்பி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். திறந்தால் என் வீட்டுப் படியேறக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

போன மாதம் ரசிகர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய அரங்கில் கூட்டம் நடத்துகிறார்களாம், வாசல்காரனாக நடித்தவரின் முகத்தை எல்லோரும் பார்க்க வேண்டுமாம். இவர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். பிறகு என்னிடம், "ஒரே ஒரு தடவை தலையைக் கழட்டிட்டு நிக்கணும்மா" என்றார். வேறு எதையும் இந்த மனுஷன் என்னிடம் வேண்டுமென்று கேட்டதில்லை. புதுச் சட்டை எடுத்தோம். கை நீளம் போதவில்லை, நானே பிரித்துத் தைத்தேன். அங்கே என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை. "அந்த வணக்கத்தைப் பத்திக் கேட்டா?" என்றேன். "எப்படியாவது சமாளிக்கிறேன்" என்றார். கூட்டத்தன்று காலையில் தம்பி வந்து நின்று, தானும் வருகிறேன் என்றான். "பேசமாட்டேன்க்கா, சத்தியமா. மாமாவை மேடையில பாக்கணும்" என்றான். நம்பினேன், கழுதை.

அரங்கில் முந்நூறு பேர் இருப்பார்கள். பாதிப்பேர் அட்டையிலும் ரப்பரிலும் செய்த வாசல்காரன் தலையோடு வந்திருந்தார்கள். வால் வேறு. நாற்காலிகளுக்கு நடுவில் நடக்கவே முடியவில்லை. சங்கத்தின் தலைவி ஒரு பல் டாக்டர், நல்ல பெண் மாதிரிதான் தெரிந்தார். இவரை மேடைக்கு அழைத்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், தம்பி என் பக்கத்தில். இவர் முகம் சிவந்துபோய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்ததும் ஹீரோவின் காலணிகளைப் பற்றிச் சொன்னார், சிரித்தார்கள். கதவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "பின்னால கயிறு இழுக்கறவங்க காலால ஒரு மிதி மிதிப்பாங்க. அது என் பாதத்துக்குத் தெரியும். அப்ப நான்…"

"அதெல்லாம் அப்புறம் கேக்கறோம் சார்" என்றார் பல் டாக்டர். "எல்லாரும் எதுக்குக் காத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்."

விளக்கை அணைத்துத் திரையில் அந்த மூன்று விநாடியைப் போட்டார்கள். மறுபடி போட்டார்கள். மெதுவாக ஓடவிட்டும் போட்டார்கள். விளக்கு எரிந்தபோது என் முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?"

ஏதாவது சொல்லுங்கள், இரண்டு வார்த்தை, துக்கமாக இருந்தது என்று சொல்லுங்கள் போதும் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாலேயே கெஞ்சினேன். இவர் மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையில் உறைந்து நின்ற அந்த உருவத்தைப் பார்த்தார்.

"அது நான் இல்லைங்க" என்றார். "அன்னிக்கு ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அது என் மச்சான். அதோ உக்காந்திருக்காரு."

அடுத்த நிமிஷம் முந்நூறு தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. தம்பியைத் தூக்காத குறையாக மேடையேற்றினார்கள். ஒரு நாற்காலிதான் இருந்தது. இவரே எழுந்து, அதைத் துடைத்துக்கூடக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். போகட்டும், உண்மையைச் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். தம்பி மைக்கைப் பிடித்தான். வால் மாட்டியது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"எப்படிச் சொல்றது…" என்றான் குரலைத் தாழ்த்தி. "அந்தப் பொண்ணு என்னைத் தாண்டிப் போனப்ப, எனக்குள்ள ஏதோ ஒண்ணு உடைஞ்சுது. என்னை அறியாம என் தலை தாழ்ந்துது."

தாடிக்காரர் விசும்பினார். நான் எழுந்துவிட்டேன்.

"டேய், வால் கதவுல மாட்டிக்கிச்சுடா. அதைச் சொல்லு முதல்ல. பன்னெண்டு வருஷமா மாட்டாம நின்னவரு உன் பக்கத்துல நிக்கிறாரு, அவரைக் கேளுங்க எப்படி நிக்கிறதுன்னு. ரெண்டு காலும் வீங்கி, வீட்டுக்கு வந்து சுடுதண்ணியில வச்சுக்கிட்டு உக்காருவாரு. இவனுக்கு அன்னிக்கு ஒருநாள் நின்னதுக்கே மூணு நாள் இடுப்பு வலி. உள்ள ஏதோ உடைஞ்சுதாம். ஒண்ணும் உடையல, வால்தான் கிழிஞ்சுது."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு "உஷ்" என்றார்கள். தம்பி தரையைப் பார்த்தான், ஆனால் மைக்கை விடவில்லை. பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அம்மா, தயவு செஞ்சு உக்காருங்க. வாலாவே இருந்தாலும் எங்களுக்கு அது வணக்கம்தான்" என்றார். அதற்கு அப்படி ஒரு கைதட்டல். இந்த ஜனங்களுக்கு என்ன பதில் சொல்வது? தடுக்கி விழுந்தவன் தலைவணங்கினவன், தடுக்காமல் நின்றவன் பஞ்சு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தொட்டார். "வா, போலாம்" என்றார். தம்பியிடம் கையெழுத்து வாங்க வரிசை நின்றது, நாங்கள் அதற்கு எதிர்த்திசையில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். வாசலருகே நாலு பேர் வாசல்காரன் வேஷத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அதில் ஒருவன் ரப்பர் தலைக்குள்ளிருந்து இவரைக் கூப்பிட்டான். "சார், நீங்க நல்ல உயரம். கொஞ்சம் மேலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்." இவர் ஃபோனை வாங்கி எடுத்துக் கொடுத்தார். வாலெல்லாம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டாவது முறையும் எடுத்தார்.

பஸ்ஸில் வழி நெடுக நான் பேசினேன். தம்பியை, பல் டாக்டரை, டைரக்டரை, தாடிக்காரரை, ஒருவர் மிச்சமில்லாமல் கிழித்தேன். "நீங்களாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல? யாரு கேட்டா உங்க உண்மையை?" என்று இவரையும் பிடித்துக்கொண்டேன். "என்னுது இல்லாததை எப்படிம்மா என்னுதுன்னு சொல்றது?" என்றார். வீட்டுக்கு வந்து புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

மறுநாள் தம்பி வந்தான், கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் அசிஸ்டெண்ட் டைரக்டர் ஃபோன் செய்தார். ஏழாவது படம் ஆரம்பிக்கிறதாம். அந்தக் கூட்டத்து விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது, ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்கள்ல யாரு வந்தாலும் எனக்குப் பரவாயில்ல. திங்கக்கிழமை ஆறு மணிக்கு உடுப்பு நிரம்பணும், அவ்வளவுதான்" என்றார். இவர் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எது போனாலும் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் சுடவைத்தேன். பனியனை எடுத்து நாற்காலியில் போட்டேன். இவர் கட்டிலில் படுத்திருந்தார், கண் திறந்துதான் இருந்தது. ஐந்து மணி ஆயிற்று.

"என்னங்க, கிளம்பலையா?"

"இல்ல."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. "உடம்புக்கு என்ன?"

"நல்லாத்தான் இருக்கு."

மணியைப் பார்த்தேன். "போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களேங்க. பன்னெண்டு வருஷமா நின்ன இடம்" என்றேன். என்னையறியாமல் என் கை ஃபோனை எடுத்திருந்தது. யாருக்குப் போடுவதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

இவர் எழுந்து உட்கார்ந்தார். அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடட்டும்" என்றார். "நீ இந்தத் தடவை யாரையும் அனுப்பாதே."